தரையிலிருந்து தொடங்குங்கள்: சிறிய குளியலறையை ஒழுங்குபடுத்தும் வழி

எங்கள் வீட்டுக் குளியலறை 4 அடி அகலம், 7 அடி நீளம். கழிப்பறைப் பீங்கானும் அதற்குள்தான். அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரும் காலை ஆறு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே அங்கே போய் வந்தாக வேண்டும். சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகளில் இந்த அளவு சாதாரணம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், யாரோ கிழித்துத் தரையில் விட்டிருந்த ஷாம்பு பாக்கெட்டை மிதித்து அம்மா வழுக்கி விழுந்தார். விழும்போது பிடித்துக்கொள்ளக் கையை நீட்டியிருக்கிறார். கைக்குக் கிடைத்தது துண்டு போடும் கம்பி. அது சுவரோடு பெயர்ந்து வந்துவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார்.

அன்று மாலை வாசலில் நின்று அந்த அறையைப் பார்த்தேன். தரையில் மட்டும் பதினேழு பொருட்கள் இருந்தன. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்ததையும், உறவினர் வீடுகள் சிலவற்றில் செய்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்து தொடங்குகிறார்கள். அழகான தட்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டுவார்கள். மாதம் முடிவதற்குள் தட்டும் நிரம்பியிருக்கும், தரையும் நிரம்பியிருக்கும். பொருட்களை வெளியேற்றுவது, கழுவுவது, எது எங்கே என்று இடம் குறிப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே குறிக்கோள்: வாளி, குவளை, உட்கார்ந்து குளிப்பவருக்கு முக்காலி. இவற்றைத் தவிர தரையில் எதுவும் இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவருதல்

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குளித்து முடித்த பிறகு, பத்தரை மணிவாக்கில் தொடங்குங்கள். மூன்று மணி நேரம் வேண்டும். கழிப்பறைக்கு ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் மட்டும் உள்ளே இருக்கட்டும். கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து, மற்ற அத்தனையையும் அதன்மேல் கொண்டுவந்து வையுங்கள். ஜன்னல் விளிம்பில் இருப்பது, கீசருக்கு மேல் செருகி வைத்திருப்பது, கதவுக்குப் பின்னால் தொங்குவது, ஃப்ளஷ் தொட்டியின் மேல் இருப்பது எதையும் விடாதீர்கள். உள்ளேயே நின்றுகொண்டு வேண்டியது வேண்டாததைப் பிரித்தால் பாதிகூடக் கண்ணில் படாது. நாள்தோறும் பார்த்துப் பழகிய பொருள் சுவரின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. கூடத்து வெளிச்சத்தில்தான் காலியான எண்ணெய்ப் புட்டி காலியாகத் தெரியும்.

போர்வையில் பரப்பியதை சோப்பு ஒரு பக்கம், ஷாம்பு ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். ஆள் ஆளாகப் பிரியுங்கள். இது பாட்டிக்கு, இது பெரியவனுக்கு, இது எல்லோருக்கும் பொது, இது யாருக்கும் இல்லை. அந்தக் கடைசிக் குவியல்தான் எப்போதும் மலைபோல் எழும். விடுதியிலிருந்து கொண்டுவந்த குட்டி சோப்புகள், பரிசாக வந்து பிரிக்கப்படாத பாடி வாஷ், ஒருமுறை தேய்த்துப் பிடிக்காமல் போன கண்டிஷனர், விரிசல் விட்ட குவளை, கரைந்து நகம் அளவாகிப்போன சோப்புத் துண்டுகள் எல்லாம் அங்கேதான் சேரும். எங்கள் வீட்டில் 64 பொருட்களில் 29 அந்தக் குவியலுக்குப் போயின.

இன்னொருவருடைய பொருளை அவர் இல்லாத நேரத்தில் தூக்கி எறியாதீர்கள். குறிப்பாகப் பெரியவர்களுடையதை. அம்மாவின் மஞ்சள் உரசும் கல்லும் படிகாரக் கட்டியும் எனக்குத் தேவையற்றவையாகத் தெரிந்தன. “அம்மா, இது உனக்கு வேண்டுமா?” என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமை தோறும் எடுக்கிறேனே, நீ பார்த்ததில்லையா?” என்றார். கல்லும் கட்டியும் அவருடைய குவியலுக்குத் திரும்பின.

எதைக் கழிப்பது, எப்படிக் கழிப்பது

காலாவதித் தேதியைப் பாருங்கள். கிரீம், லோஷன் டப்பாக்களின் பின்பக்கத்தில், மூடி திறந்த சிறு டப்பா ஒன்றின் படமும் அதில் 6, 12, 24 என்று ஓர் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். திறந்த பிறகு அத்தனை மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். ஈரமும் சூடும் நிறைந்த குளியலறையில் வைத்திருந்தால், அந்தக் கணக்கின் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். நிறமோ வாசமோ மாறியிருந்தால் தேதி பார்க்காமலே கழியுங்கள். பல் துலக்கும் பிரஷ் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, அதற்கு முன்பே இழைகள் விரிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். பழைய பிரஷ்களில் இரண்டை டைல்ஸ் இடுக்குத் தேய்க்க எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். பீர்க்கங்காய் நார் கறுத்திருந்தால் அதுவும் போகலாம்.

பழைய பிளேடுகளை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பை எடுக்கும் தூய்மைப் பணியாளரின் கையை அது கிழிக்கும். மூடியுள்ள பழைய தகர டப்பா ஒன்றில் சேர்த்து, நிரம்பியதும் ஒட்டுநாடா சுற்றிக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. காலாவதியான மருந்தும் பழைய பேட்டரியும் உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரும் அந்த மூன்றாம் வகையில் சேர்ந்திருந்தன. சானிட்டரி நாப்கினைத் தாளில் பொதிந்து தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் இருந்தது.

மிச்சமிருக்கும் சுத்திகரிப்புத் திரவங்களை ஒன்றாக ஊற்றித் தீர்க்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு ஜன்னல் மட்டுமே உள்ள 28 சதுர அடி அறையில் அது நுரையீரலைக் காயப்படுத்திவிடும்.

காலியான அறையைக் கழுவுதல்

இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் அமையாது. மேலிருந்து கீழாக வாருங்கள். ஜன்னல், கீசரின் அடிப்பகுதி, சுவர், குழாய், கடைசியில் தரை. கீசரைத் துடைப்பதற்கு முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் டைல்ஸின் மேல் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் உப்பு. சோப்புத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது அசையாது. லேசான புளிப்பு போதும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் நனைத்த துணியைக் கறையின்மேல் கால் மணி நேரம் ஒட்டிவைத்துப் பிறகு தேய்த்தால் இளகி வரும். குழாய் முனைக்கு, பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். மார்பிள், மொசைக், சிமெண்ட் தரையில் மட்டும் இந்தப் புளிப்பு படக் கூடாது. அது தரையையே அரிக்கும்.

தரை வடிகாலின் ஜாலியைக் கழற்றுங்கள். அதற்குக் கீழே பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் சிறிது தண்ணீர் தங்கி நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். முடியும் சோப்புப் பிசுக்கும் ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலையும் அங்கேதான் அடைத்துக்கொண்டிருக்கும். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்பதில் முன்னோடியாக இருந்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். புட்டி வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போய்ச் சேர்ந்தது அந்தச் சிறு பாக்கெட்டால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பாக்கெட்டைக் குளியலறைக்கு வெளியிலேயே கிழித்து, ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போகும் பழக்கத்தை எங்கள் வீட்டில் கொண்டுவந்தோம். அடைப்பும் நின்றது, வழுக்கலும் நின்றது.

திரும்ப உள்ளே போகக் கூடாதவை

மாத்திரையும் மருந்தும் முதலில். ஈரமும் வெப்பமும் மருந்தைக் கெடுக்கும். அடுத்து சீயக்காய்த் தூள், கடலை மாவு, பாசிப்பயறு மாவு. கட்டிதட்டிப் பூச்சி வைக்கும் என்பதால், அன்றன்றைக்கு ஒரு கரண்டி எடுத்துப் போனால் போதும். புது சோப்புகள், புதுப் பற்பசை போன்ற இருப்புப் பொருட்கள் வெளியே ஒரு பெட்டியில் இருக்கட்டும். தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் ஹீட்டர் கம்பி, முடி உலர்த்தி போன்ற எந்த மின்சாதனமும் கூடாது. கழற்றி வைக்கும் தோடும் மோதிரமும் கூடாது. அழுக்குத் துணிக் கூடையும் வெளியேதான் இருக்க வேண்டும். ஈரத்தில் கிடக்கும் துணியில் கரும்புள்ளி விழுந்தால் பிறகு எளிதில் போகாது.

கழிப்பறையும் சேர்ந்த அறையாக இருந்தால், பல் துலக்கும் பிரஷ்களை வெளியே வாஷ்பேசின் பக்கம் மாற்றிவிடுவது நல்லது. ஃப்ளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் மேலே எழுகின்றன. பிரஷ்களை ஒன்றோடொன்று உரசாமல் நிமிர்த்தி, காற்றுப் படும்படி வையுங்கள். மூடி போட்ட டப்பாவில் வைத்தால் உலராது.

சானிட்டரி நாப்கினை மட்டும் வெளியே கொண்டுபோகச் சொல்ல மாட்டேன். அவசரத்துக்குக் கை எட்டும் உயரத்தில், இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் நான்கைந்து உள்ளேயே இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு கூடை

இந்த முழு வேலையிலும் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சோப்பு, ஷாம்பு, நார் எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டு எடுத்துப் போய், குளித்து முடித்துத் திரும்ப எடுத்து வருவோம். நூறு பேர் குளிக்கும் இடத்தில் யாருடைய பொருளும் கிடக்காது. அதையே வீட்டில் செய்தோம். அடியில் துளையுள்ள, கைப்பிடி வைத்த சிறு பிளாஸ்டிக் கூடை ஆளுக்கு ஒன்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். குளியலறைக்கு வெளியே, சுவரோரம் ஒரு குறுகலான தட்டில் ஐந்து கூடைகளும் இருக்கின்றன. கூடைகளுக்கு அடியில் நீரை ஏந்த ஒரு தட்டு இருப்பதால் சொட்டும் நீர் தரைக்கு வராது. குளிக்கப் போகிறவர் தன் கூடையை எடுத்துப் போய் உள்ளே ஒரு கொக்கியில் மாட்டுகிறார், முடித்ததும் கொண்டுவந்து வைக்கிறார். கூடையில் இடமில்லை என்றால் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. பெரியவன் மூன்று வகை ஃபேஸ் வாஷ் வைத்திருந்தான். ஒன்றுக்குத்தான் இடம் என்று கூடையே அவனுக்குச் சொல்லிவிட்டது.

எல்லோருக்கும் பொதுவான குளியல் சோப்பு, கை கழுவும் திரவம் போன்ற இரண்டு மூன்று பொருட்களுக்கு மட்டும் உள்ளே ஒரு மூலைத் தட்டு போதும்.

உயரம் குறித்தல்

தட்டும் கொக்கியும் எங்கே வர வேண்டும் என்பதைக் கடைக்காரரோ பொருத்த வருகிறவரோ முடிவு செய்யக் கூடாது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் உள்ளே நிற்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொல்லுங்கள். முகத்தில் சோப்பு இருக்கும்போது கை எங்கே தேடுமோ அங்கேதான் சோப்பு இருக்க வேண்டும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். முக்காலியில் உட்கார்ந்து குளிப்பவரை உட்காரவைத்தே அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் சின்னவளின் கொக்கி 3 அடி உயரத்தில், எங்களுடையது நான்கரை அடியில் வந்தது.

கனமானதையும் கண்ணாடிப் புட்டியையும் தலைக்கு மேல் வைக்காதீர்கள். ஆசிட் புட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டக் கூடாது என்று மேல்தட்டில் வைக்கிறார்கள். எடுக்கும்போது கை நழுவினால் முகத்தில்தான் கொட்டும். சுத்தம் செய்யும் பொருட்கள் அனைத்தையும் ஒரே கூடையில் வைத்து, குளியலறைக்கு வெளியே பூட்டக்கூடிய அலமாரியில், பெரியவர்களின் மார்பு உயரத்தில் வையுங்கள். குளிர்பானப் புட்டியில் ஆசிட் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

பொருத்துதல்

உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கொக்கிகள் உப்புப் படிந்த டைல்ஸில் நிற்பதில்லை. பசை ஒட்டும் வகை கொஞ்சம் மேல். ஒட்டுவதற்கு முன் உப்பை முழுக்க நீக்கி, உலரத் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாள் முழுதும் எடை ஏற்றாமல் விட வேண்டும். துண்டுக்கும் சிறு கூடைக்கும் இது தாங்கும். தட்டுக்குத் துளையிட்டு, ரால் பிளக் என்னும் பிளாஸ்டிக் உறையைத் துளைக்குள் செருகித் திருகுவதே சரி. குழாய்க்கும் கீசருக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடாதீர்கள். சுவருக்குள் பைப் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும். டைல்ஸின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி அதன்மேல் துளையிட்டால் முனை வழுக்காது. டைல்ஸைத் தாண்டும்வரை டிரில் மெஷினின் சுத்தியல் அதிர்வை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டைல்ஸ் விரிசல் விட்டுவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு வாங்கினால் 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். 202 தரம் விலை குறைவு, உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருப்புள்ளி விழும். பணம் குறைவென்றால் துளையுள்ள பிளாஸ்டிக் தட்டே போதும், அதற்குத் துருவே இல்லை.

முதியவர் உள்ள வீட்டில், துண்டு போடும் கம்பியைத் தவிர பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு கைப்பிடி வேண்டும். அதைச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டுப் பொருத்தி, வீட்டில் அதிக எடையுள்ளவர் இழுத்துப் பார்த்த பிறகே பயன்படுத்தலாம். விழுகிற கை எதைப் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் தெரிந்துகொண்ட விதம் வேறு எந்த வீட்டுக்கும் வர வேண்டாம்.

துண்டும் தண்ணீரும்

தடித்த டர்க்கி டவல் ஐந்து தொங்கினால் சிறிய அறையில் எதுவும் உலராது. அன்றாடத்துக்கு ஈரிழைத் துண்டு எவ்வளவோ மேல். நன்றாக ஈரம் உறிஞ்சும், அரை நாளில் காயும், மடித்தால் கையகலம். உள்ளே ஒரே ஒரு கொக்கி துண்டுக்குப் போதும். குளித்து வந்ததும் துண்டு வெயிலுக்கோ கொடிக்கோ போய்விட வேண்டும்.

2019இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றியபோது வாங்கிய டிரம் இன்னும் பல சென்னைக் குளியலறைகளில் நிற்கிறது. எங்கள் வீட்டிலும் நின்றது. தண்ணீர் ஒழுங்காக வரும் மாதங்களில் அதைக் கழுவிக் கவிழ்த்து மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டோம். ஒரே நாளில் நாலு சதுர அடி கிடைத்தது. வைத்தே ஆக வேண்டிய வீடுகளில் இறுக்கமான மூடி போட்டு, வாரம் ஒருமுறை காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அந்த முட்டைகள் போகாது. தவழும் குழந்தையோ நடை பழகும் குழந்தையோ உள்ள வீட்டில் வாளியில்கூடத் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். இரண்டு அங்குலத் தண்ணீரே அந்த வயதில் உயிருக்கு ஆபத்து. பயன்படுத்தியதும் வாளியைக் கவிழ்த்து, கதவைத் தாழிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தரை நீரைத் தள்ளிவிட்டு, ஜன்னலைத் திறந்து வர வேண்டும். தினமும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இருப்புப் பெட்டியிலிருந்து புது சோப்பு எடுக்கும்போது பழையது தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

மற்றபடி இந்த இரண்டு வாரமும் தரையைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு பொருள் திரும்பத் திரும்பத் தரைக்கே வருகிறது என்றால் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். அதற்குக் கொடுத்த இடம் தவறு. எங்கள் வீட்டில் அம்மாவின் குதிகால் தேய்க்கும் கல் மூன்று முறை தரைக்கு வந்தது. கூடையில் எடுத்து வைப்பேன், மறுநாள் குழாயடியில் கிடக்கும். நான்காம் நாள் அவரையே கேட்டேன். “கூடை மேலே தொங்குகிறதே. உட்கார்ந்த பிறகு எழுந்தா எடுப்பேன்?” என்றார். அவரை உட்காரவைத்து அளக்காமல், எங்களுடைய உயரத்திலேயே அவருடைய கூடைக் கொக்கியையும் அடித்திருந்தேன். அன்றே முக்காலிக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டடி உயரத்தில், அவருக்கென்று ஒரு கொக்கி ஒட்டினேன். கல் அதன்பிறகு தரைக்கு வரவில்லை.